வினை யாருடைய கணக்கில்?

ஒரு பெண்ணின் அழகு காரணமாக ஒரு மாநகரம் எரிந்தது என்று கிரேக்கர் பாடினர். ஒரு பெண்ணின் சினம் காரணமாக ஒரு மாநகரம் எரிந்தது என்று நம்மவர் பாடினர். முன்னவள் ஹெலன், எரிந்தது டிராய் நகரம். பின்னவள் கண்ணகி, எரிந்தது மதுரை. இரு கதைகளிலும் படைகள் நடந்தன. கடலும் மலையும் கடந்தன. பெயர் அறியப்படாத பல்லாயிரவர் மாண்டனர். அவ்வுயிர்க்கொலைகளின் வினை யாருடைய கணக்கில் எழுதப்படும்? பிறர் கேளாவிடினும் ஜைனக் குடும்பங்களில் பிறந்த நாம் கேட்டாக வேண்டிய வினா இது. வினைக்குக் கணக்கு உண்டு என்றும், அக்கணக்கில் பிழை நேராது என்றும், ஒருவர் செய்ததை மற்றொருவர் தலையில் ஏற்ற இயலாது என்றும் நம்புகிறவர்கள் அன்றோ நாம்!

உண்மையில் இவ்வினா எனக்கு ஏட்டிலிருந்து வரவில்லை. ஏலமலைச் சரிவில், ஒரு கூலிப் பெண்மணியிடமிருந்து வந்தது.

ஆசிரியப் பணியின் பொருட்டுச் சில ஆண்டுகள் நான் போடிநாயக்கனூரில் வாழ நேர்ந்தது. திண்டிவனத்துப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்தவனுக்கு அவ்வூர் முற்றிலும் புதிது. மேற்கே சுவர்போல் எழுந்து நிற்கும் மலை. அதிலிருந்து இறங்கி வரும் கோட்டகுடி ஆறு. கடைத்தெருவில் காற்றோடு கலந்து வரும் ஏலக்காய் மணம். ஏலக்காய் அங்கே ஏலத்தில்தான் விலை போகிறது. ஒரே சொல் பண்டத்துக்கும் விற்பனைக்கும் பெயராக அமைந்திருப்பதை எண்ணி முதலில் சில நாள்கள் தனியே சிரித்துக்கொண்டிருந்தேன். பின்னர் அதற்குப் பின்னாலிருந்த உழைப்பைக் கண்டபோது சிரிப்பு நின்றுவிட்டது. விடிவதற்கு முன்பே பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து அமர்ந்து, போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறித் தோட்டங்களுக்குச் செல்வர். இருட்டும் வேளையில் திரும்புவர். ஏலக்காய் கிளையில் தொங்குவதன்று. செடியின் அடியிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் கொத்துகளில் காய்ப்பது. ஆகவே காய் எடுப்பவர் நாள் முழுதும் குனிந்தும் குந்தியும் நகர வேண்டும். முற்றிப் பழுத்து வெடிப்பதற்கு முன், பதம் பார்த்து, ஒவ்வொன்றாக விரலால் எடுக்க வேண்டும். நம் வீட்டுப் பாயசத்தில் விழும் நான்கு ஏலக்காய்க்குப் பின்னால் ஒருவருடைய முதுகு வலி இருக்கிறது என்பதை அங்கேதான் அறிந்தேன்.

ஒரு சித்திரை மாதத்தில், உடன் பணியாற்றிய நண்பர் ஒருவருடன் சரிவிலிருந்த தோட்டம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். காய் எடுக்கும் பருவம் முடிந்து, பெண்கள் காய்ந்த தண்டுகளை அறுத்துச் செடிகளைத் துப்புரவு செய்துகொண்டிருந்தனர். சித்திரா பௌர்ணமி நெருங்கியிருந்தமையால் பேச்சு மங்கலதேவி கோயிலைப் பற்றிச் சென்றது. அக்கோயில் அதே மலைத்தொடரில், தெற்கே கூடலூருக்கு மேலே, ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில், பெரியாறு புலிகள் காப்பகத்தின் காட்டுக்குள் சிதைந்த கற்றளியாக நிற்கிறது. கண்ணகி பதினான்கு நாள் நடந்து வந்து வேங்கை மர நிழலில் நின்று வானுலகு சென்றதாகச் சிலப்பதிகாரம் கூறும் மலை இதுவே என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். ஆண்டில் ஒரே ஒரு நாள், சித்திரா பௌர்ணமி அன்று மட்டும், மக்கள் செல்ல இசைவு உண்டு. குமுளியிலிருந்து ஜீப்பிலும், பளியன்குடியிலிருந்து கால்நடையாகவும் ஆயிரக்கணக்கானோர் ஏறுவர்.

நண்பர் தமிழாசிரியர், உணர்ச்சி மிக்கவர். கண்ணகி மதுரையை எரித்த இடத்தை அவர் முழங்க, பெண்கள் வேலையை நிறுத்திக் கேட்டனர். முடிந்ததும் அவர்களில் மூத்த ஒரு பெண்மணி அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ராசா தப்புப் பண்ணுனான், செத்தான். அது ஞாயந்தான் சாரு. அந்த ஊருல கூலிக்குப் போன சனம் என்ன பண்ணுச்சு?"

நண்பர் திகைத்தார். நான் உதவிக்குச் சென்றேன். முதியவர்களையும் குழந்தைகளையும் கற்புடைய மகளிரையும் அறநெறியாளரையும் அந்தணரையும் ஆநிரையையும் தீண்டாதே என்று கண்ணகி தீக்கடவுளுக்கு ஆணையிட்டாள் அம்மா, என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்ப நடுவயசுக்காரவுக எல்லாருங் கெட்டவுகளா?" என்றார். உடனிருந்த பெண்கள் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உத்தமபாளையம் சென்றேன். நம் வாசகர்களில் பலர் அவ்விடத்தைக் கண்டிருக்கமாட்டீர்கள். ஊரை ஒட்டியுள்ள ஒரு பெரும்பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகப் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. பாண்டிநாட்டு மலைகளிலெல்லாம் திருமேனிகள் செய்வித்த அச்சணந்தி முனிவரின் பெயர் அங்கும் கல்வெட்டில் உள்ளது. இன்று அப்பாறை கருப்பண்ணசாமியின் இருப்பிடம். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் நம் முனிவர்கள் நடந்து திரிந்தனர் என்பதற்கு எஞ்சிய சாட்சி அது. அங்கே அமர்ந்துகொண்டு அப்பெண்மணியின் வினாவையும், அதனோடு சேர்ந்து, அந்த ஆண்டு பள்ளியில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிய ஹெலன் கதையையும் எண்ணிப் பார்த்தேன். கதை முடிந்ததும் வகுப்பில் ஒரு மாணவன், "எல்லாம் அந்தப் பொண்ணாலதான் சார்" என்றான். நான் மறுக்காமல் மணியடித்ததும் வெளியேறியவன்.

கதையை அறியாதவர்க்காகச் சுருக்கிச் சொல்வேன். ஸ்பார்ட்டா நாட்டில் வளர்ந்த ஹெலனை மணக்கக் கிரேக்கச் சிற்றரசர் பலர் வந்தனர். அவளை யார் மணந்தாலும் அவனுக்குத் தீங்கு நேர்ந்தால் அனைவரும் துணைவர வேண்டும் என்று ஒரு சபதம் ஏற்றனர். மெனலேயஸ் அவளை மணந்தான். பின்னர் மூன்று தேவியருக்குள் யார் அழகி என்ற பூசலில் நடுவனாக இருந்த டிராய் இளவரசன் பாரிஸுக்கு, உலகின் பேரழகியைப் பரிசாகத் தருவதாக அத்தேவியருள் ஒருத்தி வாக்களித்தாள். அவன் விருந்தினனாக ஸ்பார்ட்டா சென்று ஹெலனைக் கொண்டுபோனான். அவள் விரும்பிச் சென்றாளா, வலிந்து கொண்டுசெல்லப்பட்டாளா என்பதில் கிரேக்கருக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. மெனலேயஸின் தமையன் அகமெம்னான் தலைமையில் கப்பற்படை புறப்பட்டது. பத்தாண்டு முற்றுகைக்குப்பின் மரக்குதிரையின் வஞ்சகத்தால் நகரம் வீழ்ந்து எரிந்தது. ஹெலன் மெனலேயஸுடன் வீடு திரும்பி இல்லறம் நடத்தினாள். அவளுக்காக மாண்டவர்கள் யாரும் திரும்பவில்லை.

இனி நம் கணக்குக்கு வருவோம். ஹெலனின் மீது சுமத்தப்படும் முதற் குற்றம் அவளது அழகு. நம் ஆகமங்களின்படி அழகு என்பது செயலன்று, முன்வினையின் பயன். நாமகர்மத்தின் தொண்ணூற்று மூன்று வகைகளுள் சுபகம் என்பது ஒன்று. பிறர் உள்ளத்தில் விருப்பத்தை விளைக்கும் தோற்றம் ஒருவர்க்கு அமைவது அதனால் என்பர் பெரியோர். குட்டையாகப் பிறத்தலும் நெட்டையாகப் பிறத்தலும் எப்படியோ அப்படியே இதுவும். அதனைக் கண்டவன் உள்ளத்தில் எழும் வேட்கையோ அவனுடைய மோகனீய கர்மத்தின் எழுச்சி. விளக்கில் விழுந்த விட்டிலுக்காக விளக்கின்மேல் வழக்குத் தொடுப்பாரில்லை. பெண் விளக்காகும்போது மட்டும் உலகம் வழக்குத் தொடுக்கிறது.

வினை எவ்வாறு சேர்கிறது என்பதை உமாஸ்வாமி தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் வகுத்துள்ளார். எண்ணித் துணிதல், அதற்கானவற்றைத் திரட்டுதல், செய்யத் தொடங்குதல் என்று மூன்று. மனம், மொழி, மெய் என்று மூன்று. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்தவரை உடன்பட்டு மகிழ்தல் என்று மூன்று. வெகுளி, செருக்கு, மாயை, உலோபம் என்று கஷாயம் நான்கு. இவற்றைப் பெருக்கினால் நூற்றெட்டு. ஜபமாலையின் நூற்றெட்டு மணிகள் இந்நூற்றெட்டு வாயில்களை நினைவூட்டுவன என்று சிறுவயதில் பாட்டியிடம் கேட்டிருப்பீர்கள். இந்நூற்றெட்டிலும் 'அழகாக இருத்தல்' என்றொரு வாயில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

ஹெலன் விரும்பியே சென்றிருந்தாள் எனக் கொண்டாலும் அவள் கணக்கில் எழுதப்படுவது பிறழ்ந்த இல்லறம் ஒன்றே. அதனைச் சிறிது என்று சொல்ல மாட்டேன். ஆயினும் ஆயிரம் கப்பல்களை அவள் கட்டவில்லை. அவளைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று டிராய் நகரத்துப் பெரியவர் ஆன்டீனர் அவையிலே கூறியதாகவும், பொருளைத் தருவேன், பெண்ணைத் தரேன் என்று பாரிஸ் மறுத்ததாகவும் ஹோமரின் இலியட் கூறுகிறது. போர் அந்த நாளிலேயே நின்றிருக்கலாம். அதே காவியத்தில் முதிய மன்னன் பிரியம், தன் மக்கள் செத்துக்கொண்டிருக்கும் வேளையிலும், ஹெலனை அருகில் அழைத்து நீ குற்றவாளி அல்லள் என்கிறான். குற்றத்தை அவன் தேவர்கள்மேல் போடுகிறான். அது நமக்கு உடன்பாடன்று. ஆயினும் அம்முதியவனின் பண்பு வியக்கத்தக்கது.

பிற்காலத்துக் கிரேக்கர்க்கே இக்கதையில் மனம் ஒப்பவில்லை. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கோர்கியாஸ் என்னும் சொல்வல்லான், ஹெலன் தெய்வ ஆணையாலோ, வன்முறையாலோ, சொல்லின் மயக்கத்தாலோ, காதலாலோ சென்றிருக்க வேண்டும். எதுவாயினும் பழி அவளுடையதன்று என்று வாதிட்டு ஒரு நூல் செய்தான். வரலாறு எழுதிய ஹெரோடோட்டஸ், ஹெலன் டிராய்க்குப் போகவேயில்லை, எகிப்தில் இருந்தாள் என்று அந்நாட்டுப் பூசகர் சொன்னதாக எழுதி, அதனைத் தானும் ஏற்கிறான். அவன் காட்டும் காரணம் நேரானது: அவள் உள்ளே இருந்திருந்தால், ஒரு பெண்ணுக்காகத் தன் மக்களையும் நகரத்தையும் அழியவிடும் அளவுக்குப் பிரியம் பித்தன் அல்லன். யூரிப்பிடீஸ் கி.மு. 412-இல் அரங்கேற்றிய நாடகத்தில் இன்னும் ஒரு படி செல்கிறான். டிராய்க்குப் போனது மேகத்தால் சமைத்த ஹெலனின் பொய்யுரு. உண்மை ஹெலன் எகிப்தில் கணவனை எண்ணிக் காத்திருந்தாள். பத்தாண்டுகள் இரு நாட்டு ஆடவரும் ஒரு நிழலுக்காக வெட்டிக்கொண்டு மாண்டனர்.

நிழலுக்காகப் போர் என்பது கற்பனையின் மிகை என்று நான் முதலில் எண்ணினேன். பிறகுதான் நம் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தை மீண்டும் படித்தேன். அங்கே ஒரு கல்லுக்காகப் போர் நடக்கிறது.

மலைவாழ் மக்கள் தாம் கண்ட அற்புதத்தைச் சேரன் செங்குட்டுவனிடம் வந்து கூறுகின்றனர். மன்னன் தன் தேவியை நோக்கி, கணவனோடு உயிர்விட்ட பாண்டிமாதேவி, நம் நாடு தேடி வந்த இப்பத்தினி, இருவருள் வியக்கத்தக்கவர் யார் என்று வினவுகிறான். நம் நாடு வந்தவளை நாம் வழிபட வேண்டும் என்கிறாள் தேவி வேண்மாள். நல்ல விடை. சிலை எடுக்கக் கல் வேண்டும். அமைச்சர் இரு வழி கூறுகின்றனர்: பொதிய மலையில் கல்லெடுத்துக் காவிரியில் நீராட்டலாம், இமயத்தில் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டலாம். இவ்விடத்தில் வாசகர் சற்று நிற்க வேண்டும். பொதியத்தில் கல் இருந்தது. காவிரியில் நீர் இருந்தது. பத்தினித் தெய்வத்துக்கு அது போதாது என்று யாரும் சொல்லவில்லை. பொதியக் கல் தன்னைப் போன்ற வீரக்குடியில் பிறந்தவர்க்குப் பெருமை தராது என்று மன்னனே சொல்கிறான். வடநாட்டரசர் கனகனும் விசயனும் தமிழ் வேந்தரின் ஆற்றலை இகழ்ந்து பேசியதையும் அவன் மறந்தானல்லன்.

ஆக, படை நடந்தது கண்ணகிக்காகவா? கஷாயம் நான்கனுள் இரண்டாவதாகிய செருக்குக்காக என்பதை இளங்கோவடிகள் மறைக்கவேயில்லை. மன்னன் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார். கங்கைக்கு வடகரையில் நிகழ்ந்த அப்போர் பதினெட்டு நாழிகையில் முடிந்ததாகக் காவியம் பெருமையோடு கூறும். பதினெட்டு நாழிகை என்பது ஏழு மணி நேரத்துக்குச் சற்று மிகை. டிராயில் பத்தாண்டு, இங்கே ஒரு பகல். கொன்ற காலம் குறைந்ததனால் கொன்ற வினை குறையுமா என்பதை நம் முனிவர்களிடம்தான் கேட்க வேண்டும். வென்ற அரசரின் முடித்தலையில் கல்லை ஏற்றிக் கொண்டுவந்தனர். மன்னன் வஞ்சி திரும்பும்போது அவன் ஊர் நீங்கி முப்பத்திரண்டு மாதங்கள் ஆகியிருந்தன.

'இல்லறத்தான் நாட்டைக் காக்கப் போரிடலாம் அல்லவா?' என்று சிலர் கேட்பர். ஆம், விரோதி ஹிம்சை என்று நம் நூல்கள் அதற்குத் தனிப்பெயரிட்டு, சிராவகனால் முற்றும் விடவியலாதது என்று கூறுகின்றன. எதிரி நம் வாயிலில் நிற்கும்போது எழுவது அது. சேரநாட்டின் வாயிலில் எவரும் நிற்கவில்லை. இமயத்துக்கு நடந்து சென்று தேடிக்கொண்ட பகையை அவ்வகையில் எவ்வாறு அடக்குவது?

இவ்விடத்தில் நம் புராணம் ஒன்று நினைவுக்கு வருகிறது. பரதனும் பாகுபலியும் எதிர்ந்தபோது அமைச்சர்கள் இடைமறித்து, உங்கள் பூசலுக்குப் படைவீரர் ஏன் மாள வேண்டும், நீங்கள் இருவருமே பொருதுங்கள் என்றனர். கண்போர், நீர்ப்போர், மற்போர் என மூன்றோடு அது முடிந்தது. தோற்ற பரதன் சினந்து சக்கரத்தை ஏவினான் என்பதும் உண்மை, அது பாகுபலியைத் தீண்டவில்லை என்பதும் உண்மை. டிராயிலும் இவ்வாறே ஒரு நாள் மெனலேயஸும் பாரிஸும் தனித்துப் பொருது முடிவு செய்வது என்று உடன்பாடாகி, இரு படையும் ஆயுதங்களைத் தரையில் வைத்துவிட்டு அமர்ந்தன. அக்காட்சியைப் படிக்கும்போது நெஞ்சு விம்மும். அத்தனை வீரரும் வீடு திரும்பவே விரும்பினர். உடன்பாட்டை முறித்து ஒருவன் அம்பெய்தான், மீண்டும் தொடங்கிற்று. மகாபுராணத்தில் சுலோசனையின் சுயம்வரத்தையும் ஒப்பிடலாம். அவள் ஜயகுமாரனைத் தேர்ந்தாள். பரதனின் மகன் அர்க்ககீர்த்தி பொறாமல் போர் தொடுத்தான். சக்கரவர்த்தி குறை கூறியது சுலோசனையை அன்று, தன் மகனை.

கிரேக்கர் செய்த ஒன்றை நினைத்தால் எனக்கு இன்றும் உடல் நடுங்கும். கப்பல்கள் புறப்படக் காற்று வீசவில்லை. காற்றுக்காக அகமெம்னான் தன் சொந்த மகள் இபிஜீனியாவைப் பலிபீடத்தில் ஏற்றினான். ஒரு பெண்ணை மீட்கப் போகிறோம் என்றவர்கள் முதலில் கொன்றது ஒரு பெண்ணை, அதுவும் வீட்டுப் பெண்ணை! அவர்கள் பழங்கதை, நமக்கென்ன என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் வரும் உரைபெறு கட்டுரையை எடுத்துப் பாருங்கள். மதுரை எரிந்தபின் பாண்டிநாட்டில் மழை பொய்த்து நோயும் பரவிற்று. அதற்குச் சாந்தியாக, கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பத்தினிக்குப் பலியிட்டான். பொய்யுரைத்த பொற்கொல்லன் ஒருவன். மாண்டவர் ஆயிரவர். கோவலன் ஒருவன் ஆராயாமல் கொல்லப்பட்டான் என்பதற்காக நாம் கண்ணீர் விடுகிறோம். அந்த ஆயிரவரை யார் ஆராய்ந்தார்? பட்டிமன்றங்களில் கண்ணகியைப் பற்றி எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்த ஆயிரவரைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை.

கண்ணகி அதனைக் கேட்டாளா? இல்லை. நாடுகாண் காதையில், வழியில் தன்னை இழிவாகப் பேசிய இருவரைக் கவுந்தியடிகள் நரிகளாகச் சபித்தபோது, கண்ணகியும் கோவலனும் நடுங்கி, அறியாமையால் செய்தனர், பொறுத்தருள்க என்று வேண்டி, அச்சாபத்தை ஓராண்டளவாகக் குறைக்கச் செய்தனர். அவள் இயல்பு அது. கோயில் எடுத்தபின் தெய்வ வடிவில் தோன்றியபோதும் பாண்டியன் குற்றமற்றவன் என்றும், தான் அவனுக்கு மகள் என்றும் கூறுகிறாள். முதலிலும் முடிவிலும் மன்னிக்கிறவள் அவள். இடையில் ஒரு நாள், கணவனை வெட்டுண்டு கண்ட நாளில், ஒரு நகரத்தை எரித்தாள். அது வெகுளி, அது கிருதம், தானே செய்தது. அவள் மேல் எனக்கு எவ்வளவு இரக்கம் உண்டாயினும் அக்கணக்கை அழிக்க எனக்கு உரிமையில்லை. தோட்டத்துப் பெண்மணிக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய நேர்மையான விடை அதுவே: அந்தக் கூலிச்சனம் ஒன்றும் செய்யவில்லை அம்மா, அவர்கள் எரிந்தது கண்ணகியின் கணக்கில்தான். ஆனால் இமயப் போரும் ஆயிரம் பொற்கொல்லரும் அவள் கணக்கில் இல்லை. அவை அவள் பெயரைச் சொல்லிப் பிறர் செய்தவை. ஹெலனைவிடக் கண்ணகியின் வினை பெரிது. ஆனால் உலகம் ஹெலனைப் பழிக்கிறது, கண்ணகியின் பெயரால் நிகழ்ந்த கொலைகளைப் போற்றுகிறது. இரண்டிலும் கணக்கு தவறியிருக்கிறது.

இக்காவியத்தில் கணக்கைச் சரியாகப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அவர் நம்மவர், கவுந்தியடிகள். அவர் செய்தது என்ன? இருவரையும் வழித்துணையாக அழைத்துச் சென்று, மாதரியிடம் அடைக்கலம் தந்தார். அவ்வளவே. கோவலன் கொலையுண்டதையும் மதுரை எரிந்ததையும் கேட்டதும், இவர்களோடு வந்தது என் வினையோ என்று தம்மையே நொந்து, உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தார். துயரத்தால் மேற்கொண்ட அது சல்லேகனை ஆகுமா என்று நம் பண்டிதர்கள் வாதிடுவர், வாதிடட்டும். அடைக்கலப் பொருளை இழந்தேன் என்று மாதரியும் தீயில் பாய்ந்தாள். எள்ளளவு பங்குடைய இரு பெண்கள் முழுப் பழியையும் ஏற்றுக்கொண்டனர். மலையளவு பங்குடைய மன்னர் ஒருவரும் ஏற்கவில்லை, நெடுஞ்செழியனைத் தவிர. தான் பிழைத்தேன் என்று உணர்ந்த கணத்தில் அரியணையில் வீழ்ந்து மாண்ட அவனுக்கு அந்தப் பெருமையைத் தர வேண்டும்.

அடிகளின் நெஞ்சு எப்பக்கம் என்பதற்கு அவர் வாழ்வே விடை. அரசு உனக்கே வரும் என்று நிமித்திகன் கூறியபோது, தமையன் செங்குட்டுவன் மனம் நோகாதிருக்கத் துறவு பூண்டு குணவாயிற் கோட்டம் புகுந்தவர் அவர். அக்கோட்டம் அருகன் கோயில் என்று உரையாசிரியர் அடியார்க்குநல்லார் எழுதுகிறார். ஓர் அரசையே விட்டுப் போரைத் தவிர்த்த தம்பி, ஒரு கல்லுக்காகப் போருக்குப் போன தமையனைப் பாடுகிறார். பழிக்கவில்லை, புகழ்வதுபோல் அத்தனையையும் எழுதிவிட்டு, இறுதியில் மாடலன் என்னும் மறையோன் வாயிலாக இளமையும் செல்வமும் யாக்கையும் நில்லாமையைத் தமையனுக்கு உணர்த்தி, சிறைப்பட்ட அரசர்களை விடுவிக்கச் செய்கிறார்.

உத்தமபாளையத்துப் பாறையடியில் இவ்வளவும் எண்ணியபோது, எனக்கு வேறொன்றும் நினைவு வந்தது. அதை எழுதாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். நான் கல்லூரியில் பயின்ற நாளில் எங்கள் ஊரில் இரு குடும்பங்கள் பகைத்துக்கொண்டன. நிச்சயம் செய்த திருமணம் ஒன்று நின்றுபோனது காரணம். சீர், நிலம், பேச்சில் தடித்த ஒரு சொல் என்று உண்மைக் காரணங்கள் வேறு இருந்தன. ஆனால் ஊரார் வாயில் அது "அந்தப் பெண்ணால் வந்த சண்டை" ஆயிற்று. அவளுக்குப் பத்தொன்பது வயது. நிச்சயம் செய்தபோதும் அவளை யாரும் கேட்கவில்லை, நிறுத்தியபோதும் கேட்கவில்லை. பல ஆண்டுகள் அவ்விரு குடும்பத்தாரும் ஜினாலயத் திருவிழாவில் ஒருவர் நிற்கும் பக்கம் மற்றவர் நிற்கமாட்டார்கள். நான் எவரையும் அடிக்கவில்லை, ஏசவில்லை. திண்ணையில் அமர்ந்து அப்பேச்சைக் கேட்டேன்; சிரித்தேன்; விடுதிக்குப் போய் நண்பர்களிடம் சுவை கூட்டிச் சொன்னேன். மூன்றாவது வாயில் எனக்கு அன்று முழுதும் திறந்திருந்தது. அப்பெண் பிறகு வெளியூரில் மணமாகி வாழ்ந்தார். பின்னாளில் ஒரு திருமண வீட்டில் என்னைக் கண்டு, "நல்லா இருக்கீங்களா அண்ணா?" என்று அன்போடு கேட்டார். நான் விடை சொன்னேனா என்பதுகூட நினைவில்லை.

மங்கலதேவிக்கு நான் அவ்வாண்டு செல்லவில்லை. அடுத்த ஆண்டு பளியன்குடி வழியே ஏறினேன். கோயில் யாருடைய எல்லைக்குள் இருக்கிறது என்பதில் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் நெடுங்காலமாக வழக்குண்டு; அந்த ஒரு நாளுக்கு மட்டும் இரு மாநில அதிகாரிகளும் கூடி ஏற்பாடுகள் செய்கின்றனர். வரிசையில் நின்றவர்களுள் ஏலத்தோட்டத்துப் பெண்கள் பலர். அவர்களோடு அந்த மூத்த பெண்மணியும் நின்றார். என்னை அடையாளம் கண்டு, "சாரு, அன்னைக்குக் கேட்டதுக்குப் பதிலே சொல்லலையே" என்றார்.

பாதி வழி இறங்கும்போது ஒரு பாறையில் அமர்ந்து, மேலே எழுதிய யாவற்றையும் என்னால் இயன்ற எளிய மொழியில் அவருக்குச் சொன்னேன். எரிந்த சனத்தைப் பற்றிச் சொன்னபோது தலையை மட்டும் அசைத்தார். ஆயிரம் பொற்கொல்லரைக் கேட்டதும் "அய்யோ" என்றார். கல்லெடுக்க இமயம் வரை படை போன கதையை நம்பாமல் இருமுறை கேட்டார். பிறகு எழுந்து, சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு, நாங்கள் அமர்ந்திருந்த பாறையையும் அதைச் சுற்றிச் சரிவெங்கும் கிடந்த கற்களையும் ஒருமுறை பார்த்தார்.

"இங்கன என்ன, கல்லுக்கா சாரு பஞ்சம்?" என்று சொல்லிவிட்டு இறங்கலானார்.